குதிகால் கட்டை

என் இரண்டு கண்கள் மீதும் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இடது கண்ணில் புரை எடுத்து வேறு லென்ஸ் வைத்திருக்கிறார்கள்; அது டாக்டருடையது. வலது கண் மட்டும்தான் பிறந்ததிலிருந்து என்னுடையது. ஆகவே சத்தியத்தில் பாதியை டாக்டர் பொறுப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மீதிக்கு நான் பொறுப்பு.

மாலை ஐந்தரை மணி வெளிச்சம் முகத்துக்கு நல்லது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் ஐயா, நீங்கள் முதலில் கேட்டதே, "அந்த நேரத்துல மொட்டை மாடியில ரெண்டு கிழவங்களுக்கு என்ன வேலை?" என்பதுதான். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். இருட்டிய பிறகு எந்தக் கேமராவும் பாதியை ஊகித்துத்தான் எடுக்கும். ஐந்தரைக்கு மட்டும் மனிதன் மனிதனாகத் தெரிவான். அதனால்தான் ஐந்தரை.

நான் முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் லிட்டர் குவளையையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. தராசுத் தட்டின் அடியில் ஒருவர் பட்டாணி அளவு காந்தம் ஒட்டியிருந்ததை, எதிர்ப்பக்கத் தெருவில் நின்றபடி என் சட்டைப் பொத்தான் லேசாக அந்தப் பக்கம் சாய்வதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பொத்தானை வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். அளவு என்று வந்துவிட்டால் எனக்கு உறவு, நட்பு எதுவும் கிடையாது என்பதற்காகத்தான் சொன்னேன். பிறகு இது உங்களுக்கு உதவும்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே குடியிருந்தார். நான் ஐந்தாவது மாடி, அவர் மூன்றாவது. எனக்கு மேலே மொட்டை மாடிதான்.

உலகத்தில் போன்கள் ஆயிரம் விதம் என்றாலும் வீடுகள் இரண்டுதான். பூட்டு வீடு, திறந்த வீடு. இந்தப் பெயர்களை வைத்தது என் மகள். பூட்டு வீட்டில் போன், அதற்குள் ஓடும் நிரல், அதை விற்கும் கடை எல்லாம் ஒரே கம்பெனி. உள்ளே ஓர் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரைக் கேட்க வேண்டும். பதிலுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். திறந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் அறை கட்டலாம், சுவருக்குப் பிடித்த நிறம் அடிக்கலாம், ஆனால் கூரை எந்த மழையில் ஒழுகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மச்சான் பூட்டு வீடு. நான் திறந்த வீடு. என் போனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என் மனைவி. தங்கை சொன்னதைக் கேட்காமல் வேறு வீட்டுக்குப் போனவர் மச்சான்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராவில்தான் எங்களுக்குள் பேச்சு வரும். அவருடைய கேமரா உள்ளதை உள்ளபடி எடுக்கும். சவரத்தில் விட்டுப்போன நாலு முடி இருந்தால் நாலும் இருக்கும். என்னுடையது அப்படி இல்லை. ஒரு படம் கேட்டால் ஒன்பது எடுக்கும். எதில் கண் நன்றாகத் திறந்திருக்கிறதோ அதிலிருந்து கண், எதில் சிரிப்பு நன்றாக வந்திருக்கிறதோ அதிலிருந்து சிரிப்பு என்று பொறுக்கி ஒட்டி, நடக்கவே நடக்காத ஒரு நொடியைத் தயாரித்துக் கொடுக்கும். பார்த்தால் தையல் தெரியாது. மின்சாரம் போன ஒரு நாள் இருட்டு அறையை அதில் எடுத்தேன். நாலு வருடத்துக்கு முன் தொலைத்த மூக்குக்கண்ணாடி அலமாரிக்கு மேலே இருப்பது படத்தில் தெரிந்தது. ஏறிப் பார்த்தேன், இருந்தது. கண்ணாடிக் கூடுதான் இல்லை. கூட்டை வேறு இடத்தில் கண்டெடுத்தேன்.

அவர் போனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி முன்னாலும் ஒன்றரை நொடி பின்னாலும் நடப்பதைச் சத்தத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் படத்துக்கு உயிர் வந்து அசையும். விறைப்பாக நிற்பதற்கு முன்னால் நான் மூக்கைச் சொறிந்தது அவர் போனில் நாற்பத்தோரு முறை பதிவாகியிருக்கிறது. "உன் போன் உன்னை மாதிரி, மாப்பிள்ளை. நல்லா இருக்கிறதை மட்டும் காட்டும். என் போன் உன் பொண்டாட்டி மாதிரி. எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும்" என்பார்.

இன்னொன்று. முகத்தைக் காட்டினால் திறக்கும் பூட்டு அவருடையது. ஆனால் பல் செட் இல்லாத முகத்தை அது மச்சான் என்று ஏற்றுக்கொள்ளாது. காலையில் யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால் முதலில் பல்லைத் தேட வேண்டும். நீங்கள் அந்தப் போனைத் திறக்க முடியாமல் ஒன்றரை நாள் தவித்தபோது, "பிணவறையில் பல் செட்டை வாயில் வைத்துவிட்டுக் காட்டிப் பாருங்கள்" என்று சொன்னவன் நான்தான். திறந்தது அல்லவா. விசாரணைக்கு நான் ஒத்துழைக்கவில்லை என்று உங்கள் குறிப்பில் இருந்தால், தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எது நல்ல கேமரா என்று வாயால் பேசிக்கொண்டே ஆறு மாதம் ஓடியது. அளவுகோல் இல்லாத பேச்சு எனக்கு ஆகாது. ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரம் என்று விதி எழுதினேன். ஞாயிறுதோறும் மாலை ஐந்தரை. மொட்டை மாடியின் நடுவில் இருவரும் நேருக்கு நேர் நிற்போம். போனை முகத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தபடி ஆளுக்கொரு பக்கம் பின்னோக்கியே நடப்போம். திரும்பிப் பார்க்கக் கூடாது. முகத்தைத் திருப்பினால் எதிராளியின் போன் முகத்தை விட்டுவிடும், பிறகு மறுபடி பிடிக்க நேரமாகும். எங்கே நிற்பது என்பதற்காகத் தரையில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மரக்கட்டை ஒட்டியிருந்தேன். பழைய கதவு நிலையில் அறுத்த துண்டு, இரண்டடி நீளம். குதிகால் கட்டையில் இடித்ததும் நிற்க வேண்டும். பிறகு மூன்று எண்ணி, ஒருவரையொருவர் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும்.

இரண்டு படமும் என் மகளிடம் போகும். எது யார் போன் என்று சொல்லாமல் கொடுப்போம். அவள்தான் நடுவர். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள், ஆகவே படம் பற்றித் தெரிந்தவள்.

"இதுல மாமா மாமாவாட்டமே இருக்காரு. இதுல அப்பா செத்துப்போன பிறகு மாலை போட்டு மாட்டுற படம் மாதிரி இருக்காரு. எதுக்கு மார்க் போடணும்?"

"ஒழுங்கா பாரும்மா. நிறம், கூர்மை, வெளிச்சம். மூணுக்கும் தனித்தனியா."

"அப்பா, ரெண்டு பேரும் ஒரு நாள் உருப்படியா காய்கறி வாங்கிட்டு வந்தா நான் அதுக்கு மார்க் போடுவேன்."

நாற்பத்தோரு ஞாயிறு நடந்தது. அவர் இருபது, நான் இருபது, ஒன்று சமம். இதை நினைவில் வையுங்கள். நாற்பத்திரண்டாவது எங்கள் இருவருக்கும் முக்கியமானது. அதற்கு மேல் என் மனதில் எதுவும் இருந்ததில்லை.

என் மனைவி இறந்து பதினாறு மாதம் ஆகிறது. அவளை எடுத்த ஒரு வீடியோ என் போனில் இருக்கிறது. பதினோரு நொடி. அடுப்படியில் நிற்கிறாள். நான் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சியை எதுக்கு இப்ப... இறக்குங்க அதை, பால் பொங்குது பாருங்க" என்கிறாள். பத்தாவது நொடியில் சிரித்துவிடுகிறாள். பதினோராவது நொடியில் நேராக லென்ஸைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அவள் குரல் இருப்பது அது ஒன்றில்தான். மற்றவை எல்லாம் வாய் திறக்காத படங்கள்.

மச்சானுக்கு அது வேண்டுமாம்.

"என் தங்கச்சி, மாப்பிள்ளை. எனக்கும் ஒரு காப்பி குடு."

"உன் போனுக்கு அனுப்பினா கட்டம் கட்டமா வரும், மச்சான்."

"வரட்டும்."

"அவளைக் கட்டம் கட்டமா பார்க்க வேணாம். பார்க்கணும்னா மேல வா, என் போன்ல பாரு."

உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் வீடியோ, ஈரக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்தது போலத்தான் போய்ச் சேரும். இரண்டு கம்பெனிக்கும் ஆகாது. நடுவில் நசுங்குவது படம். இது நான் கண்டுபிடித்த குறையல்ல. மகள், "கம்பி போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கப்பா. இல்லாட்டி மேகத்துலயாவது போட்டு வைங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க" என்று பல தடவை சொன்னாள். என் மனைவி கல்யாணத்துக்குப் பிறகு ஓர் இரவுகூட முகம் தெரியாதவர் வீட்டில் தங்கியதில்லை. இப்போது எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் இயந்திரத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்க எனக்கு மனம் இல்லை. ஒரு பிரதிதான் இருந்தது. அதில் தவறு இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

மச்சான் வாரத்துக்கு இரண்டு முறை மேலே வந்து என் போனில் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. அவ இவ்வளவு சிவப்பு இல்லை" என்பார். அப்படிப்பட்ட மனிதர்.

இனி அந்த வாரம்.

செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக் குளியலறை வாசலில் பேச்சு தண்ணீர் பக்கம் போயிற்று. இரண்டு போன் பெட்டியிலும் தண்ணீர் தாங்கும் என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். மச்சான் தன் போனை நிரம்பிய வாளியில் போட்டார். அரை மணி நேரம் கிடந்தது. நடுவில் யாரோ அழைத்தார்கள். வாளிக்குள்ளிருந்தே மணி அடித்தது. கையை விட்டு எடுத்து, சொட்டச் சொட்டக் காதில் வைத்துப் பேசிவிட்டு மறுபடி வாளியிலேயே போட்டார். சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே நம்புங்கள்.

பிறகு, "இப்ப உன்னது" என்றார்.

"வேணாம், மச்சான்."

"பெட்டியில போட்டிருக்குல்ல? ஒரே நிமிஷம். பயமா இருக்கா?"

"பயம் இல்லை. வேணாம்."

"அப்ப தோத்துட்டேன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த என் போனை அவரே எடுத்தார். விரல் நுனியில் பிடித்து, குழந்தையைத் தொட்டியில் இறக்குவது போல மெதுவாகத்தான் இறக்கினார். வேண்டுமென்று செய்யவில்லை. அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பதாவது நொடியில் திரை ஒருமுறை வெள்ளையாக மின்னி அணைந்தது.

என் போனைப் பற்றித் தவறாக நினைக்காதீர்கள். எடுத்துத் துடைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். மாலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாப் படமும் இருந்தது. அவளும் இருந்தாள், அதே சிரிப்பு, அதே பால். திறந்த வீட்டுப் போனாக இருந்தாலும் கெட்டி. ராத்திரி மகள் வந்து கேட்டாள்.

"அப்பா, அம்மா வீடியோ இருக்குல்ல?"

"இருக்கு."

"எங்க, காட்டுங்க."

"சார்ஜ் ஏறிட்டு இருக்கு."

புதன்கிழமையும் கேட்டாள். அன்றைக்கும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பழைய பேட்டரி, மெதுவாகத்தான் ஏறும்.

மச்சான் அந்த வாரம் முழுக்க மேலே வரவில்லை. புதன் மாலை படிக்கட்டில் பார்த்தபோது, "சரியாப் போச்சா?" என்றார். போச்சு என்றேன். "அப்பாடா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு பெரிய சுமை இறங்கிய முகம். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என் போன் அதை எடுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

வியாழக்கிழமை மொட்டை மாடிக்குப் புதிய தண்ணீர்த் தொட்டி ஏற்ற ஆட்கள் வந்தார்கள். தொட்டி பெரிது, படிக்கட்டில் வராது. வெளியிலிருந்து கயிறு கட்டித் தூக்குவதற்காகக் கிழக்குக் கைப்பிடிச் சுவரில் ஆறடி அகலத்துக்கு இடித்தார்கள். தொட்டி ஏறிவிட்டது. சுவரைத் திங்கட்கிழமை கட்டித் தருவதாகச் சொல்லி, இடைவெளிக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, தரையில் ஒரு தார்ப்பாயை விரித்து மணலைக் கொட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை நான் அளக்கும் நாடாவோடு மாடிக்குப் போனேன். இதில் விசேஷம் ஏதும் இல்லை. நான் எங்கே போனாலும் நாடாவோடுதான் போவேன். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் போனேன். கிழக்குக் கட்டையிலிருந்து இடிந்த விளிம்பு வரை முப்பத்தோரு அங்குலம். மச்சான் பின்னோக்கி வைக்கும் ஓர் எட்டு, நாற்பத்தோரு ஞாயிறு பார்த்த கணக்கில், பதினோரு அங்குலம். கட்டை இருக்கும் இடத்தைத் தாண்டி மூன்று எட்டு வைத்தால் முப்பத்து மூன்று. இரண்டு அங்குலம் கூடுதல். முப்பத்தோரு வருட வேலையில் நான் ஒரு கடைக்காரருக்கும் அரை அங்குலம் சலுகை கொடுத்ததில்லை. சொந்தக்காரர் என்பதால் இரண்டு அங்குலம்.

ஏன் அளந்தாய் என்பீர்கள். தூரம் சரியில்லை என்று எனக்கு வெகுநாளாகவே ஓர் உறுத்தல். மச்சான் போனில் முகத்தை மட்டும் எடுக்கிற லென்ஸுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால்தான் முழுத் திறமையும் வரும். கிட்டத்தில் நிற்கவைத்து அதைத் தோற்கடித்தால் அது நியாயமான வெற்றி ஆகாது. நியாயத்துக்காகத்தான் ஞாயிறு காலை அவருடைய கட்டையைத் திருப்புளியால் நெம்பி எடுத்தேன். அது இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டை இருந்த தடம் தெரியாதபடி தார்ப்பாயின் ஓரத்தை அந்தப் பக்கமாக இழுத்து விரித்தேன். மாலை ஐந்து இருபதுக்கு மஞ்சள் கயிற்றையும் அவிழ்த்தேன். இதற்கும் காரணம் உண்டு. முகத்துக்குப் பின்னால் குறுக்கே ஒரு கோடு போனால், பின்னணியை மங்கலாக்கும்போது போன் குழம்பிப்போய் ஆளின் முழங்கையையும் சேர்த்து அழித்துவிடும். இது படம் எடுக்கும் யாருக்கும் தெரியும்.

யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் அவர் கிழக்கு, மறுவாரம் நான். அந்த ஞாயிறு முறைப்படி அவர்தான் கிழக்கு. முறையை நான் மாற்றவே இல்லை. அந்த விஷயத்தில் என் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஐந்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பல் செட் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் போனைப் பற்றித்தான் கேட்டார்.

"நல்லா வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது. வா, வெளிச்சம் போயிடும்."

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, சுவரையே காணோம்?"

"தொட்டி ஏத்த இடிச்சிருக்காங்க. நாளைக்குக் கட்டிருவாங்க."

"கட்டையைக் காணோமே?"

"தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. உன் குதிகாலுக்குத் தெரியாதா?"

அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை இங்கே ஒப்புக்கொள்வதால் என் சத்தியத்துக்குப் பங்கம் வராது.

"அது சரி. கட்டை இருக்கையில என்ன பயம்" என்றார். முப்பத்தாறு வருடம் தண்டவாளத்தை நம்பி இன்ஜின் ஓட்டிய மனிதர். தனக்கு முன்னால் யாரோ ஒருவர் வழியைச் சரிபார்த்திருப்பார் என்ற எண்ணத்திலேயே வாழ்ந்தவர். நான் சரிபார்த்துத்தான் இருந்தேன்.

நடுவில் நின்றோம். அவர் போனை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன். பின்னோக்கி நடக்கத் தொடங்கினோம். என் குதிகால் என் கட்டையில் இடித்தது. நின்றேன். எனக்குப் பின்னால் சூரியன், அவர் முகத்தில் நேராக வெளிச்சம். நாற்பத்திரண்டு வாரத்தில் அவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைத்ததே இல்லை. அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார். குதிகால் தார்ப்பாயின் மேல் துழாவியது.

"கட்டை இன்னும் வரலையே?"

"வரும், வா."

ஓர் எட்டு. தார்ப்பாயில் மணல் நெறுநெறுவென்றது.

"மாப்பிள்ளை, தூரம் அதிகமா தெரியுதே. திரும்பிப் பார்த்துக்கட்டுமா?"

"திரும்பாத. முகம் இப்பதான் பிடிச்சிருக்கு. சிரி."

இரண்டாவது எட்டு. சிரித்தார். சொன்னால் கேட்பவர்.

இந்த இடத்தில் அவர் போனின் திரையில் அப்படி எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு அப்படியே இருந்தது, புருவம் மட்டும் சுருங்கியது. போனுக்கு மேலாக என் கையைப் பார்த்தார்.

"உன் கையில என்னது?"

"வரும், வா" என்றேன்.

மூன்று எண்ணுவதற்குள் அழுத்திவிட்டார். அவர் எப்போதுமே அவசரக்காரர். அழுத்தியபடியே மூன்றாவது எட்டை வைத்தார்.

சத்தம் போடவில்லை. போனைக் கையை விட்டு விடவும் இல்லை. நான் மாடி ஓரத்துக்குப் போகவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் என் வயதுக்காரர் நிற்பது ஆபத்து. இடத்தில் நின்றபடியே மீதியை எண்ணி முடித்தேன். இரண்டு, மூன்று. பிறகு கீழே வந்து கைகால் கழுவி, மகளிடம், "மாமா விழுந்துட்டார்" என்றேன். அவள் படிக்கட்டில் ஓடிய சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சான் போனில் உள்ள கடைசிப் படத்தை மேசைமேல் வைத்து, விரலால் அழுத்தி, மூன்று நொடியையும் பதினான்கு முறை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். சூரியனுக்கு முன்னால் ஒரு கறுத்த உருவம். முகத்துக்கு எதிரே கையில் கறுப்பாக ஏதோ ஒன்று. "வரும், வா" என்று ஒரு குரல். குரல் என்னுடையதுதான். கையில் இருப்பது மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி தெரிகிறது என்றீர்கள். அவர் கேமராவுக்கு எதிர்வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது என்பதை நாற்பத்தோரு வாரமாக நான் சொல்லிவருகிறேன். அதன் குறைக்கு நான் பதில் சொல்ல முடியாது. அது என் போன்தான். கறுப்பு உறை போட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கட்டையைப் பெயர்த்தது நான். கயிற்றை அவிழ்த்தது நான். "வரும், வா" என்றது நான். அவர் எத்தனை எட்டு வைப்பார் என்று தெரிந்தே சொன்னேன். இதையெல்லாம் யாரும் என்னை மிரட்டி எழுதவைக்கவில்லை. நடுவில் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். ஒரு வரியை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்கிறேன். வாளியில் போன் விழுந்த கோபத்தில் செய்தார் என்று உங்கள் எழுத்தர் குறித்திருக்கிறார். அது தவறு. எனக்கு என்ன கோபம்? என் போனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. நாற்பத்திரண்டாவது போட்டி நியாயமான தூரத்தில் நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் கிடையாது. ஐந்து மாடி விழுந்தும் அவர் போன் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுமானத்தில் அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். கேமராவில் கிடையாது.

என் போனை ஒப்படைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டீர்கள். தர மறுக்கவில்லை. அன்று நான் எடுத்த படம் அதில்தான் இருக்கிறது. மச்சான் கண் திறந்து, நல்ல சிரிப்போடு, முழங்கை உட்பட முழுதாக இருக்கிறார். பின்னணி மட்டும் மங்கல். அதற்குப் பக்கத்திலேயே அவருடைய தங்கையின் பதினோரு நொடியும் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு எந்தக் கேமரா உசத்தி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் மகள் இப்போது மதிப்பெண் போடும் மனநிலையில் இல்லை.

போன் வீட்டில் இல்லை. இத்துடன் வைத்திருக்கும் சீட்டைத் தெருமுனையில் போன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் தருவார். சீட்டில் அவர் கையெழுத்தில், "தண்ணி போயிருக்கு. உயிர் இல்லை. உள்ள இருந்தது எதுவும் திரும்ப வராது" என்று இருக்கிறது. அதற்குக் கீழே தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய செவ்வாய். அன்று கொடுத்ததை நான் இன்னும் போய் வாங்கவில்லை.